குளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள்

கருங்காட்டுப் பல்கலைக்கழகத்தின் குளம் தரையைவிட்டு எழும்பியது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் பத்து நாற்பதுக்கு. பெரிய வாசலுக்கு எதிரே இருந்த மங்களம் ஜெராக்ஸ் கடையில், யாரோ ஒரு பெண்ணின் வேலை விண்ணப்பத்தில் ‘தந்தை அல்லது கணவர் பெயர்’ என்ற கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்த இசக்கியம்மாள், தாளின்மேல் பச்சையாக ஒரு வெளிச்சம் நெளிவதைக் கண்டு தலையைத் தூக்கினாள். நிர்வாகக் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு மேலே, இரண்டு ஆள் உயரத்தில், குளம் தன் முட்டை வடிவம் கலையாமல், பாசியோடும் மீன்களோடும் சத்தமில்லாமல் நின்றுகொண்டிருந்தது.

“குளம் மேல போயிட்டு” என்றாள் இசக்கி.

அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். “ஆமாக்கா. போட்டோவ ஒட்டணுமா, பின் அடிச்சாப் போதுமா?”

“ஒட்டணும்.”

கருங்காட்டில் வேறு ஆலையோ அலுவலகமோ கிடையாது. பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைத்த கையோடு, இது பல்கலைக்கழகத்தில் எந்த நாற்காலியில் உட்காரும் என்று பேச ஆரம்பித்துவிடுகிற ஊர் அது. ஆராய்ச்சிக்கு ஆள் எடுத்தாலும், ஆய்வகத்தில் குடுவை கழுவ ஆள் எடுத்தாலும், நூலகத்தில் புத்தகம் அடுக்க ஆள் எடுத்தாலும், அறிவிப்பு முதலில் வந்து சேர்வது இசக்கியின் மேஜைக்குத்தான். அவள் அதை நகல் எடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டி, எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர்களுக்கு வாசித்துக் காட்டி, வந்தவர்களுக்கெல்லாம் பிழையில்லாமல் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பாள். அவள் நிரப்பிக் கொடுத்து உள்ளே போனவர்கள் துறைக்கு ஒருவராவது இருந்தார்கள். அவள் மட்டும் வெளியே இருந்தாள். அதே பல்கலைக்கழகத்தில் விலங்கியல் முதுகலை முடித்து, அதே குளத்தின் விரால் மீன்களைப் பற்றி ஆய்வேடு எழுதியவள், பதினொரு முறை விண்ணப்பித்திருந்தாள். ஒரு முறை சான்றிதழில் முத்திரை மங்கல் என்றார்கள், ஒரு முறை நேர்காணல் கடிதம் நேர்காணலுக்கு மறுநாள் வந்து சேர்ந்தது, கடைசி முறை அந்தப் பணியிடமே ரத்தானது. ஆராய்ச்சிப் பணிக்கு வயது வரம்பு முப்பத்திரண்டு. அவளுக்கு முப்பத்தொன்று முடிந்து பத்து மாதம் ஆகியிருந்தது.

குளம் எழும்பிய அன்று மதியமே, கும்பகோணத்துப் பக்கமிருந்து வந்தவரும் எதையும் கோப்பில் பார்த்தால்தான் நம்புகிறவருமான பதிவாளர் தியாகேசன், மேற்படி குளம் எந்தத் துறையைச் சேர்ந்தது என்று கேட்டு எல்லாத் துறைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பினார். பராமரிப்புப் பிரிவு, பள்ளம்தான் எங்களுடையது, அது பள்ளமாகவே பத்திரமாக இருக்கிறது என்று பதில் எழுதியது. இயற்பியல் துறை, தொங்குவது எங்களுடையது, நனைவது எங்களுடையது அல்ல என்று எழுதியது. வேதியியல் துறை யோசிக்க அவகாசம் கேட்டது. விலங்கியல் துறைத் தலைவர் பேராசிரியர் குளோரி நேசமணி மட்டும் ஒரே வரி எழுதினார்: ‘மீன் இருக்கிறது, ஆகவே எங்களுடையது.’

ஊருக்கு அது பழகிப்போக அத்தனை நாள்கூட ஆகவில்லை. புதன்கிழமையே கேன்டீன்காரர்கள் குளத்து நிழல் விழும் இடத்தில் நாற்காலி போட்டுவிட்டார்கள். வியாழக்கிழமை விடுதிப் பெண்கள் சொட்டுகிற ஓரத்தில் நின்று தலைக்குக் குளித்தார்கள். வெள்ளிக்கிழமை, கல்யாணம் நிச்சயமான மூன்று ஜோடிகள் பச்சை வெளிச்சத்தில் போட்டோ எடுக்க வந்து, முதலில் வந்தது யார் என்று சண்டை போட்டார்கள். நிர்வாகக் கட்டடத்தின் மேல்தளத்தில் கண்ணாடிக் கூரை போட்ட அறைகளில், மீன்களின் நிழல் கோப்புகளின்மேல் ஊர்ந்துபோனது; கண்காணிப்பாளர்கள், நிழல் நகரும்வரை பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்து கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டார்கள். எப்போதாவது ஒரு ஜிலேபிக் கெண்டை துள்ளித் தவறி முற்றத்தில் விழும். யாராவது அதை வாளியில் எடுத்து மாடிக்குக் கொண்டுபோய் மேல்நோக்கி வீசுவார்கள். குளம் அதை வாங்கிக்கொள்ளும்.

இவர்களில் எந்தப் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ளாதவர் சுடலைமுத்து. பதினான்கு வருஷமாக விலங்கியல் துறையில் தினக்கூலியாக இருந்தவர். குளத்து மீனுக்குத் தீனி போடுவது, மாணவர்களுக்கு வலை வீசிக் காட்டுவது, ஆய்வகத்துத் தவளைகளைத் தேடிப் பிடிப்பது எல்லாம் அவர் வேலை. முன்பு காலை ஆறு மணிக்குத் தவிட்டு வாளியோடு கரைக்குப் போனவர், இப்போது அதே ஆறு மணிக்கு அதே வாளியோடு மொட்டை மாடிக்குப் போனார். தவிட்டை உருட்டி மேலே எறிந்தார். குளத்தின் அடிப்பக்கத்தில் நூறு வாய்கள் கீழ்நோக்கித் திறந்தன.

“பயமா இல்லையா அண்ணாச்சி?” என்று இசக்கி கேட்டாள்.

“முந்தி குனிஞ்சு போட்டேன், இப்ப நிமிந்து போடுதேன். இடுப்புக்கு நல்லாத்தான் இருக்கு, தாயி.”

குளோரி நேசமணி ஒன்பது நாள் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து ஒரு திட்டம் எழுதினார். ‘உயர்ந்து நிற்கும் நீர்நிலையின் உயிரியல்’ என்று அதற்குப் பெயர். அது டில்லிக்குப் போய், எந்த மேஜையிலும் தூங்காமல், எந்தக் கேள்வியும் கேட்கப்படாமல், ஒரு மாதத்துக்குள் அனுமதியாகித் திரும்பியது. ஊரில் சிலர் குளம் எழும்பியதைவிட இதைத்தான் அதிசயமாகச் சொன்னார்கள். உடனே அறிவிப்பு வந்தது. இளநிலை ஆய்வாளர் ஒருவர், ஆய்வகத் தொழில்நுட்பர் இருவர், கள உதவியாளர் நால்வர், ஏணி பிடிப்போர் ஆறு பேர், சொட்டு அளப்போர் மூவர், குளத்து நிழல் எந்தக் கட்டடத்தில் எத்தனை மணிக்கு விழுகிறது என்று எழுதுவோர் இருவர், விழுந்த மீனை மேலே அனுப்புவோர் ஐவர், தட்டச்சர் ஒருவர், குடைகளுக்குப் பொறுப்பாளர் ஒருவர். இருபத்தைந்து பணியிடங்கள்! இசக்கி அதைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுக் கையை எடுப்பதற்குள் கடைக்கு முன்னால் நாற்பது பேர் நின்றார்கள்.

அப்புறம் பதினைந்து நாள் கருங்காடு திருவிழா கண்ட ஊர் மாதிரி ஆடியது. வரிசை வாசலில் தொடங்கி, தபாலாபீஸைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி வாசலுக்கே வந்துவிட்டதால், எது தலை எது வால் என்று தெரியாமல் சிலர் இரண்டு நாள் வட்டமாகவே நகர்ந்தார்கள். சுண்டல்காரர்கள் வந்தார்கள், சான்றிதழுக்கு நெகிழிக் கவர் போடுகிறவர்கள் வந்தார்கள், வரிசையிலேயே பெண் பார்த்து இரண்டு சம்பந்தம் முடிந்தது. ஏணி பிடிக்க விரும்பியவர்கள் வீட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து அனுபவம் காட்டினார்கள். சொட்டு அளக்க விரும்பிய ஒரு அக்கா, தன் வீட்டு ஒழுகுகிற கூரையின் கீழ் ஏழு வருஷம் பாத்திரம் வைத்த விவரத்தைச் சொல்ல, இசக்கி அதை ‘துறை சார்ந்த முன் அனுபவம்’ என்ற கட்டத்தில் எழுதினாள். காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை எழுதினாள். கை வலித்தது, மனசு மட்டும் கள் குடித்த மாதிரி மிதந்தது. நானூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பம்.

கடைசி நாள் மாலை நாலு இருபதுக்குச் சுடலைமுத்து வந்தார். கள உதவியாளர் வேலைக்கு அவருடையதை எழுதி முடித்ததும் அவர் எழுந்திருக்கவில்லை.

“உன்னுது எங்க?” என்றார்.

இசக்கி மேஜையைப் பார்த்தாள். ஒரே ஒரு விண்ணப்பம் நிரப்பாமல் கிடந்தது. ஐந்து மணிக்கு விண்ணப்பம் வாங்குகிற ஜன்னலை மூடிவிடுவார்கள். பேனாவை எடுத்தாள், விரல்கள் மடங்க மறுத்தன. பதினைந்து நாள் எழுதிய கை விறைத்துப் போய், தன் பெயரின் முதல் எழுத்தில் ஒரு சுழியைக்கூடப் போட வராமல் நின்றது.

“அண்ணாச்சி, கை வரமாட்டேங்கி” என்றாள்.

சுடலைமுத்து கடை வாசலுக்கு வந்து சத்தம் போட்டார். “ஏய், எல்லாரும் இங்கன வாங்க! இந்தப் பிள்ளைக்கு எழுதணும்!”

விண்ணப்பம் கொடுத்துவிட்டு ரசீது காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். இசக்கி சொல்லச் சொல்ல, பெயரை ஏணிக்காரர் ஒருவர் எழுதினார், பிறந்த தேதியைக் கேன்டீன்காரம்மா எழுதினார், முகவரியைத் தபால்காரர் அவளைக் கேட்காமலே எழுதினார், மதிப்பெண்களை ஒரு கணக்கு வாத்தியார் எழுதிக் கீழே கோடு போட்டுச் சரிபார்த்தார், சொட்டு அளக்கும் அக்கா போட்டோவை ஒட்டி ஊதிக் காயவைத்தார். மொத்தம் பதினெட்டுக் கட்டம், பதினெட்டுக் கையெழுத்து. ‘இப்பணிக்கு நீங்கள் எவ்வாறு தகுதியானவர்?’ என்ற கடைசிக் கட்டத்தைச் சுடலைமுத்து வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ‘இந்தப் பிள்ளைக்குக் குளத்தைத் தெரியும்’ என்று எழுதினார். இசக்கி இரண்டு கையாலும் பேனாவைப் பிடித்துக் கையொப்பம் மட்டும் போட்டாள். ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அந்தத் தாள் தலைக்குமேல் கைமாறிக் கைமாறி வாசலைக் கடந்து ஜன்னலுக்குள் போனது. உள்ளே இருந்த எழுத்தர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் இசக்கி எழுதிக் கொடுத்து உள்ளே போனவர். “ஒரே கையாலதான் எழுதணும்னு விதியில இல்ல” என்று சொல்லி முத்திரை குத்தினார்.

நேர்காணல் மொட்டை மாடியிலேயே நடந்தது. நடுவில் குளோரி நேசமணி. இரண்டு பக்கமும் வெளியூர் நிபுணர்கள், ஒருவர் மழைக் கோட்டோடு. இளநிலை ஆய்வாளர் பணிக்கு முப்பத்தெட்டுப் பேர். எல்லாரிடமும் மழைக் கோட்டுக்காரர் கேட்டது ஒரே கேள்வி: குளம் ஏன் மேலே போனது? ஒருவர் காந்தம் என்றார், ஒருவர் வெப்பம் என்றார், ஒருவர் நாற்பது நிமிடம் பேசிவிட்டுத் தண்ணீர் கேட்டார். இசக்கியின் முறை வந்தது.

“தெரியாது சார்” என்றாள். “உள்ள போய்ப் பாத்துட்டு வரட்டுமா?”

நிபுணர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதுவரை யாரும் உள்ளே பார்த்திருக்கவில்லை என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. ஓரத்தில் வாளியோடு நின்ற சுடலைமுத்து வந்து ஏணியைப் பிடித்துக்கொள்ள, இசக்கி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி, மூச்சை அடக்கி, தலையைக் குளத்தின் அடிவயிற்றுக்குள் நுழைத்தாள். தண்ணீர் கழுத்தைச் சுற்றி மெத்தென்று மூடிக்கொண்டது. கண்ணைத் திறந்தாள். ஆறு வருஷம் கழித்து அவளுடைய விரால்கள்! ஒரு நொடி, யார் கீழே, யார் மேலே என்பதெல்லாம் மறந்து, வாய்க்குள் தண்ணீர் போவதுகூடத் தெரியாமல் சிரித்துவிட்டாள்.

இருமிக்கொண்டே இறங்கினாள். தலையிலிருந்து வடிந்த தண்ணீர் நிபுணர்களின் தாள்களை நனைத்தது.

“ஏன் போச்சுன்னு இன்னும் தெரியல சார். ஆனா போன விஷயம் மீனுக்குத் தெரியல. வெரால் குஞ்சு பொரிச்சிருக்கு. செவப்புக் குஞ்சு, இருநூறு இருக்கும். தகப்பன் மீன் சுத்திச் சுத்திக் காவல் நிக்கி. மெரண்ட குளத்துல அது நடக்காது. அதனால குளம் பயந்து ஓடிவரல. அதுவா வந்திருக்கு.”

மழைக் கோட்டுக்காரர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். “இன்னொரு தடவை போக முடியுமா?” என்று கேட்டார். “நானும் வரேன்.”

ஒரு வாரத்தில் பட்டியல் வந்தது. முதல் பெயரே இசக்கியம்மாள். கடைக் கண்ணாடியில் தன் பெயரைத் தானே ஒட்டிவிட்டு, அது நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தெருவின் மறுபக்கம் போய், அங்கிருந்தே அழுதாள். அழுது முடித்து வந்து, கள உதவியாளர் நால்வரின் பெயரை வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். சுடலைமுத்து இல்லை.

“எட்டாம் வகுப்பு, தாயி” என்றார் அவர். “பத்தாவது வேணும்னு போட்டிருந்தத நானும்தான் பாத்தேன். ஆசைதான்.” சட்டைப் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். புதிதாக நால்வர் வருவதால் தினக்கூலி ஆள் இனித் தேவையில்லை என்று அதில் இருந்தது.

திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு இருபத்தைந்து பேரும் பணியில் சேர வந்தார்கள். நெற்றியில் திருநீறும் குங்குமமுமாக, சிலர் மாலையோடு, ஏணிக்காரர்கள் ஏணிக்கும் பூச்சுற்றி. பதிவாளர் அறைக்கு வெளியே வரிசை நின்றது. அதே நேரத்தில், மாடியில் கடைசி உருண்டைத் தவிட்டை எறிந்துவிட்டு, வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு சுடலைமுத்து யாரிடமும் சொல்லாமல் பெரிய வாசல் வழியாக வெளியே நடந்தார். அவருடைய ஊர் முள்ளிக்குறிச்சி, கிழக்கே ஆறு கல் தூரம்.

அறைக்குள் வெயில் வந்தது. பதிவாளர் தியாகேசன் இரண்டு மாதமாகப் பார்க்காத வெயில். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக் கூரைக்கு மேலே வெறும் வானம். ஜன்னலுக்கு ஓடினார். குளம் வாசல் வளைவைத் தாண்டி, தபாலாபீஸுக்கு மேலாக, நிதானமாகக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

“குளம் போறது! பிடிங்கய்யா!” என்று கத்தினார்.

பல்கலைக்கழகம் ஓடியது. பதிவாளர் ஜீப்பில் ஏறி, அது கிளம்பாததால் இறங்கி ஓடி, கிளம்பியதும் மறுபடி ஏறினார். குளோரி நேசமணி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். ஏணிக்காரர்கள் ஆறு பேரும் ஏணியோடு ஓடினார்கள், குடைப் பொறுப்பாளர் முப்பது குடைகளோடு ஓடினார், சொட்டு அளக்கும் அக்கா ஓடிக்கொண்டே அளந்தார். இசக்கியின் கையில் பணியில் சேரும் படிவம் இருந்தது, கையெழுத்து மட்டும் பாக்கி. அவள் ஒரு முறை பதிவாளரின் மேஜையைப் பார்த்தாள். மேஜைக்குப் பின்னால் கையெழுத்து வாங்க ஆள் இல்லை. கடைக்கு ஓடி, நிரப்பாத விண்ணப்பம் ஒன்றையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவளும் ஓடினாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. சுடலைமுத்து அங்கே நின்றுகொண்டிருந்தார். அவர் தலைக்கு நேர் மேலே குளம் நின்றது. செந்தூர் பக்கம் போகிற பாசஞ்சர் வண்டி அதன் நிழலுக்குள் நுழைந்து வெளியேற, பயணிகள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிச் சொட்டைப் பிடித்தார்கள்.

“நான் கூப்பிடல ஐயா” என்றார் சுடலைமுத்து, மூச்சு வாங்கிக்கொண்டு வந்த கூட்டத்தைப் பார்த்து. “திரும்பிக்கூடப் பாக்கல. வெயிலே படலியேன்னு நெனச்சேன், அம்புட்டுத்தான்.”

பதிவாளர், தேர்வான கள உதவியாளர் நால்வரையும் முன்னால் தள்ளினார். ஒருவர் தவிட்டைக் காட்டினார், ஒருவர் விசிலடித்தார், ஒருவர் கயிறு வீசினார், நாலாமவர் கும்பிட்டார். குளம் அசையவில்லை.

“சார்” என்றாள் இசக்கி. “அறிவிப்புல பதினாலாவது நிபந்தனை. ‘குறிப்பிட்ட பணிக்குப் பொருத்தமானவர் கிடைக்காத நிலையில் கல்வித் தகுதியைத் தளர்த்தப் பதிவாளருக்கு அதிகாரம் உண்டு.’”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நான்தான சார் நானூறு பேருக்கு வாசிச்சுக் காட்டுனேன்.”

“நாலு பேர் பொருத்தமானவங்கன்னு குழு எழுதிக் கொடுத்திருக்கேம்மா.”

“அவங்க உதவிக்குப் பொருத்தம்தான் சார், வேண்டாம்னு யாரு சொன்னா? அஞ்சாவதா ஒரு இடம் போடுங்க. இவுக நாலு பேரும் திருப்பிப் பாத்தாச்சு, குளம் திரும்பலன்னு நீங்களே இங்கன நின்னு பாத்தியளே.”

குளோரி நேசமணி செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்துக்கொண்டே, “நான் சிபாரிசு எழுதித் தாரேன் சார்” என்றார். “எழுதுங்க மக்கா.”

ஜீப்பின் முன்மூடிமேல் படிவத்தை வைத்து இசக்கி எழுதினாள். கை நன்றாக மடங்கியது. பெயர், ஊர், பிறந்த தேதி. ‘கல்வித் தகுதி’ என்ற கட்டத்தில் எட்டு என்று எழுதினாள். ‘சிறப்புத் தகுதி’ என்ற கட்டம் வந்ததும் ஒரு நொடி நின்று, ‘மேலே பார்க்கவும்’ என்று எழுதினாள். பதிவாளர் அதை வாசித்தார். படிவத்தில் மேலே பார்த்தார், எதுவும் இல்லை. அப்புறம் மேலே பார்த்தார். ஒரு சொட்டு அவருடைய மூக்குக்கண்ணாடியில் விழுந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“நிரந்தரமாய்யா?” என்று கேட்டார் சுடலைமுத்து.

“திட்டம் இருக்கிற வரைக்கும்.”

“திட்டம் எவ்வளவு நாளைக்கு?”

பதிவாளர் மறுபடி நிமிர்ந்து குளத்தைப் பார்த்தார். “அது உங்க கையிலதான் இருக்கு போலிருக்கே.”

கேட் திறந்தது. கேட்காரர் தலையை நீட்டி, “ரோடு விட்டாச்சு, போறியளா, திரும்புதியளா?” என்று கேட்டார். சுடலைமுத்து தூக்குச்சட்டியை மாற்றிப் பிடித்துக்கொண்டு மேற்கே திரும்பினார். குளமும் தன் பெரிய பச்சை வயிற்றை மெல்லத் திருப்பியது. அதன் நிழலில் எல்லாரும் நடந்தார்கள். மாலைகளும் பூச்சுற்றிய ஏணிகளும் விரிந்த முப்பது குடைகளும், பின்னால் காரணம் தெரியாமல் சேர்ந்துகொண்ட ஒரு கல்யாண வீட்டு மேளமுமாக. குளோரி நேசமணி ஆடினார் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். அவர் நடந்ததே அப்படித்தான் என்று அவர் சொல்வார்.

மதியம் நிர்வாகக் கட்டடத்தில் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்தார்கள். இசக்கி தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவைச் சுடலைமுத்துவிடம் கொடுத்தாள். பதினான்கு வருஷமும் அவர் உதிரித் தாள்களில்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். தைத்த புத்தகத்தில் இதுதான் முதல். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, அப்பா பெயரையும் சேர்த்து முழுசாக எழுத ஆரம்பித்தார். அன்றைய தேதிக்கான கட்டம் சின்னது. பெயர் அதில் அடங்காமல் அடுத்த நாள் கட்டத்துக்குள் போய், அதையும் நிறைத்துக்கொண்டு நின்றது.

“ஐயையோ, தாண்டிட்டு ஐயா” என்றார்.

பதிவேட்டில் ஒரு அடித்தல்கூடப் பொறுக்காதவர் தியாகேசன். குனிந்து பார்த்தார். மை உலர்வதற்காக மெதுவாக ஊதினார்.

“இருக்கட்டும்” என்றார். “நாளைக்கும் வருவீங்கதானே?”